ஏழாம் நம்பர் சிஸ்டத்துக்கு இரண்டு ராக்கெட்

"யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். அலுவலகத்தில், குடியிருப்போர் கூட்டத்தில், சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாயத்தில், எங்கே கேட்டாலும் ஏறும். எதிரில் இருப்பவர்கள் நான் அவர்கள் மேல் எரிந்து விழுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. இருபது வயதில் இதே வாக்கியத்தை நானும் நம்பிக்கொண்டு திரிந்தேன். மீதிப் பாதி கோபம் அதற்கானது.

அப்போது இரண்டாயிரங்களின் முன்பாதி. மதுரை அண்ணா நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. எட்டு சிஸ்டம். வார நாட்களில் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் ரெஸ்யூம் அடிக்கவும் ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டு சிஸ்டத்தையும் ஒயரால் இணைத்து நாங்கள் சண்டை ஆட்டம் ஆடுவோம். நான்கு பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரு கூட்டம் இரண்டு டேங்க்கோடு வந்து ஊரைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கூட்டம் வெறும் காலோடு ஓடி ஊரைக் காக்க வேண்டும். ஊர் என்றால் ஒரு கிணறு, நாலைந்து ஓட்டு வீடு, வரிசையாக வைக்கோல் போர். கிணற்றடியில் ஒரு கொடி. அரை மணி நேரம் அந்தக் கொடி இறங்காமல் இருந்தால் ஊர்க்காரர்கள் ஜெயித்தார்கள்.

ஒரு ஆட்டம் முடிந்ததும் இரண்டு கூட்டமும் பக்கம் மாற வேண்டும். ஆட்டத்தைச் செய்தவன் அப்படித்தான் செய்திருந்தான். எங்கள் சென்டரில் ஒரு நாளும் மாறியதில்லை. ஒன்றாம் நம்பரிலும் இரண்டாம் நம்பரிலும் மட்டும்தான் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தது. மற்றதில் டேங்க்கில் ஏறி உட்கார்ந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஆகவே ஒன்றிலும் இரண்டிலும் உட்கார்ந்தவனுக்கு டேங்க். ஐந்து முதல் எட்டு வரை உட்கார்ந்தவனுக்குக் கால். கால் கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'நடராஜா சர்வீஸ்'.

ஒன்றும் இரண்டும் யாருக்கு என்பதில் சந்தேகமே கிடையாது. பைக்கில் வரும் இரண்டு பேர் இருந்தார்கள், எங்களைவிட ஒரு வருடம் மூத்தவர்கள், பைக்காரர்கள் என்றுதான் சொல்வோம். ஒன்பதரைக்கே ஒருவன் படியேறி வந்து இரண்டு கீபோர்டு மேலும் இருவரின் பைக் சாவிகளையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். பஸ் ஜன்னலில் துண்டு போட்டால் அந்த சீட்டு அவனுடையது என்று ஊரே ஒத்துக்கொள்கிறதல்லவா, அதேதான். சாவியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு உட்கார யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் மூன்றாம் நம்பர். டேங்க் கூட்டம்தான், ஆனால் டேங்க்குக்குள் இல்லை. கையில் ஸ்பேனரோடு டேங்க்குக்குப் பின்னாலேயே நடந்து, அடிபட்டால் சரி செய்வது என் வேலை. நானும் நடந்துதானே போகிறேன், நடப்பவன் கஷ்டம் எனக்குத் தெரியாதா என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஒரு டேங்க்கின் நிழலிலேயே நடந்துகொண்டு இப்படி நினைத்திருக்கிறேன். அந்தப் பையனைப் பிடித்து இப்போது இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

ஏழாம் நம்பர் என் நண்பன். கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில் இருந்த கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அவன் திருவாதவூர். அவனுடைய அய்யா நெடுங்காலம் கூலிக்குப் போனவர், அப்போதுதான் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், அப்பாவுக்குச் சாயப்பட்டறை. அவன் வீட்டில் எங்கள் மொழி பிடிபடாது, எங்கள் வீட்டில் வயல் வேலை பிடிபடாது. எங்களை ஒட்டவைத்தது பஸ்தான். தினமும் காலையில் அவன் ஊர் பஸ்ஸில் மாட்டுத்தாவணிக்கு வந்து இறங்குவான். அங்கேயிருந்து கல்லூரி பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் துண்டையும் பக்கத்துச் சீட்டில் சாப்பாட்டுப் பையையும் போட்டுவிடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பை இருக்கும் இடம் எனக்கு. அதுவரை ஒரு நாள்கூட நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதாக நினைவில்லை.

ஏழாம் நம்பர் மவுஸுக்குள் இருக்கும் உருண்டையில் எப்போதும் அழுக்கு அப்பியிருக்கும். அவன் வந்ததும் அதைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டுவான். ஹெட்போனில் இடது காது மட்டும்தான் கேட்கும். அதை வைத்துக்கொண்டு அந்த ஊரையே காத்தான். வைக்கோல் போருக்குள் போய் அசையாமல் உட்கார்ந்துவிடுவான். டேங்க் தாண்டிப் போகிற சத்தம் கேட்கும்வரை மவுஸைத் தொடவே மாட்டான். தாண்டியதும் எழுந்து அதன் முதுகில் இரண்டு ராக்கெட். டேங்க் காலி. கூடவே ஸ்பேனரோடு நிற்கிற நானும் காலி.

"எப்படிடா?" என்று கேட்டேன்.

"டிராக்டருக்குப் பின்னாடி நடந்து வேலை பாத்திருக்கியா மாப்ள? ஓட்டுறவனுக்கு முதுகுப் பக்கம் என்ன நடக்குதுன்னு ஒன்னும் தெரியாது. நாமதான் வெலகிக்கிறணும். அம்புட்டுதான்."

ஒரு மாதம் வரிசையாக டேங்க் தோற்றது. பைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. ராக்கெட் ரொம்ப ஓவர், வைக்கோல் போரில் ஒளிவது சீட்டிங், டேங்க் என்றால் டேங்க் மாதிரி இருக்க வேண்டாமா என்று சென்டரை நடத்திய அண்ணனிடம் சண்டை போட்டார்கள். இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். அந்த ஆட்டத்தின் எண்கள் எல்லாம் ஒன்றாம் நம்பர் சிஸ்டத்தில் ஒரு ஃபைலில் இருந்தன. நோட்பேடில் திறந்தால் தெரியும். ஆளுக்கு எத்தனை ராக்கெட், ஒரு ராக்கெட்டுக்கு எவ்வளவு அடி, டேங்க்குக்கு எவ்வளவு கவசம். அங்கே மாற்றினால் எட்டு சிஸ்டத்திலும் மாறும். நெட்டில் படித்துக் கண்டுபிடித்திருந்தேன். சொன்னதும் எல்லோரும் என்னை 'இன்ஜினியரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சும்மா மாற்றக்கூடாது, முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சணல் கட்டி, ஒன்றாம் நம்பர் மேசைக் காலில் தொங்கவிட்டேன். ஃபைல் அங்கேதானே இருக்கிறது, எனக்கு வசதி. அட்டையில் பெரிதாக 'குறைகள்' என்று எழுதினேன். ஆட்டத்தில் யாருக்கு எது நியாயமில்லை என்று பட்டாலும் எழுதலாம், ஞாயிறுதோறும் படித்துப் பார்த்து எண்ணை மாற்றுவேன் என்று எட்டுப் பேர் முன்னாலும் அறிவித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பெரிய நீதிபதி என்ற நினைப்பில்தான் போனேன்.

நோட்டு நிரம்பியது. 'ராக்கெட் அதிகம்' என்று எழுதியிருந்தது, நான்கை மூன்றாகக் குறைத்தேன். 'இன்னும் அதிகம்' என்றது, இரண்டாக்கினேன். 'முதுகில் அடித்தால் உடனே போகிறது' என்றது, முதுகுக் கவசத்தை ஏற்றினேன். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஊர்ப் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் ஓகேயா?" என்று சத்தமாகக் கேட்பேன். ஐந்திலிருந்து எட்டு வரை தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம். ஒரு சத்தமும் வராது. ஓகே என்று எடுத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு, ஆட்டத்துக்கு நடுவில் என் நண்பன் எழுந்து எங்கள் பக்கம் வந்தான். ஒன்றாம் நம்பர் மேசை அருகே நின்றான். பைக்காரர்களில் ஒருவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "என்னடா நடராஜா, ரூட்டு மாறி வந்துட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மூலையில் இருந்த தண்ணீர்க் கேனில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு அவன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

கடைசியாக நோட்டில் வந்த குறை இது: 'ஒளிஞ்சிருக்கவன் எங்க இருக்கான்னு தெரியல.' அதற்கும் அந்த ஃபைலில் ஒரு வரி இருந்தது. அதை ஒன்று என்று மாற்றினால் கால் கூட்டத்து ஆட்கள் டேங்க்கில் இருப்பவனுடைய திரை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரிவார்கள். மாற்றினேன். அன்றைக்கு என் நண்பன் வழக்கம்போல வைக்கோல் போருக்குள் போய் உட்கார்ந்தான். டேங்க் நேராக அந்தப் போரைப் பார்த்தே திரும்பியது. அவன் வேறு போருக்கு மாறினான், அங்கேயும் திரும்பியது. கிணற்றுக்குள் இறங்கினான், குண்டு கிணற்றுக்குள் விழுந்தது. ஒன்பது தடவை செத்துச் செத்து மறுபடி முளைத்தான். ஆட்டம் முடிந்ததும் பைக்காரன் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டு சொன்னான்.

"இப்பத்தான்டா பேலன்ஸா இருக்கு. நடக்குறவன் நடக்குறவனா இருக்கான், டேங்க்ல இருக்கவன் டேங்க்ல இருக்கான்."

நான் பெருமையாகச் சிரித்தேன். என் நண்பன் ஹெட்போனைக் கழற்றி மானிட்டர் மேல் மாட்டினான். "வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பஸ்ஸில் கேட்டால், "ஊர்ல வேலை கெடக்கு மாப்ள" என்றான். அவன் போட்டு வைத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டே, "நாலு மேட்ச் தோத்தா ஓடிப்போயிடுறதா? பிராக்டிஸ் பண்ணுடா" என்று அவனுக்கு அறிவுரை சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அவன் மேல் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு பைக்காரனின் சித்தி மகன் ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அவனை மூன்றாம் நம்பரில் உட்காரவைத்துவிட்டு என்னிடம், "இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் போ இன்ஜினியரு" என்றார்கள். என் நண்பனின் ஏழாம் நம்பர் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் நான் நினைத்தது என்ன தெரியுமா? என் கை சரியில்லை என்று நினைத்தேன். மவுஸ் ஒட்டுகிறது, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, இந்தப் பக்கம் பழக்கமில்லை. வைக்கோல் போருக்குள் உட்கார்ந்தேன், டேங்க் என்னைப் பார்த்துத் திரும்பியது. எனக்கு ஒளியத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஒரு தடவை எப்படியோ தப்பி ஓடி அதன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டேன். இரண்டு ராக்கெட்டையும் குறி பார்த்து அடித்தேன். இரண்டும் பட்டன. கொஞ்சம் புகை வந்தது. டேங்க் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகப் பீரங்கியைத் திருப்பியது. எனக்கு அடிக்க வேறொன்றும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் கெக்கெக்கே என்று சிரிக்கிறார்கள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குறி தப்பவில்லை. கையில் குற்றமில்லை. இரண்டு ராக்கெட் போதாது என்பது கணக்கு, அந்தக் கணக்கைப் போட்டவன் நான். பத்து நிமிடத்தில் நானே என்னைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டேனே, இங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? தோற்றவன் எல்லோரும் தனக்கு ஆடத் தெரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். ஜெயிக்க வசதி உள்ளவன் மட்டும் நியாயம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தான்.

எழுந்து போய் அந்த நோட்டை அறுத்து எடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை இரண்டே கையெழுத்து. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர். வாராவாரம் இதைப் படித்திருக்கிறேன், ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை. 

"எந்திரிடா" என்றேன் ஒன்றாம் நம்பரைப் பார்த்து.

"என்னடா ஆச்சு ஒனக்கு?"

"எந்திரின்னு சொல்றேன்ல."

அவன் எழவில்லை. நாற்காலியோடு சேர்த்து அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு ஃபைலைத் திறந்தேன். ராக்கெட்டை நான்காக்கினேன். கவசத்தை இறக்கினேன். சிவப்புப் புள்ளியை எடுத்தேன். கத்திக்கொண்டே செய்தேன். எட்டுப் பேருக்கு நியாயம் பார்க்க உட்கார்ந்து இரண்டு பேருக்கு எடுபிடி வேலை பார்த்திருக்கிறேன் என்று கத்தினேன். அண்ணன் கல்லாவிலிருந்து ஓடி வந்தார்.

"அந்தப் பக்கத்துப் பசங்க ஒன்னுமே சொல்லலையேப்பா. நீ எதுக்குக் குதிக்கிற?"

அந்த வாக்கியத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டேன். நோட்டை நாலாகக் கிழித்துத் தரையில் எறிந்தேன். பைக்காரன் சாவியை எடுத்துக்கொண்டான். "ஒனக்கு அந்தத் திருவாதவூர்க்காரன் மேல அம்புட்டுப் பாசம்னா நீயும் போய் வைக்கப்போர்ல படு" என்றான். சித்தி மகனோடு சேர்த்து மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, "ரெகுலரா வர்றவய்ங்க தம்பி. இனிமே ஒன்னாம் நம்பர்ல நீ கை வைக்காத" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினார். ஐந்தாம் நம்பரும் எட்டாம் நம்பரும் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களாவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவர்கள் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. யார் யார் மேலோ இருந்த அத்தனையும் சேர்ந்து அவன் மேல் திரும்பியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் துண்டையும் பையையும் போட்டுவிட்டுப் பஸ் பக்கத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். எண்களை மாற்றியதைச் சொன்னேன், நோட்டைக் கிழித்ததைச் சொன்னேன். அவன் நன்றி சொல்வான் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். அவன் பூ மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். "ரெண்டு மாசம் வாயில என்ன வச்சிருந்த? தெனம் என் பக்கத்துலதான உக்காந்து வார? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல? நோட்டுன்னு ஒன்னு எதுக்குத் தொங்கவிட்டேன்?"

"நோட்டை எங்க மாப்ள தொங்கவிட்ட?"

"ஒன்னாம் நம்பர்ல."

"அம்புட்டுதான்" என்றான்.

"எந்திரிச்சு வந்து எழுத வேண்டியதுதான? பத்தடி இருக்குமா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. என்னை மாதிரிக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு நான் தண்ணி குடிக்கவா வந்தேன்னு நெனச்ச?"

ரூட்டு மாறி வந்துட்டியா என்ற குரல் காதில் கேட்டது. அதற்கு மேல் என்னுடைய சிரிப்பு கேட்டது. ஊரில் யார் எதுவரை வரலாம், யார் முன்னால் குனிந்து எதை எடுக்கலாம் என்பதெல்லாம் அவனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அண்ணா நகரில், ஒரு மாடியில், எட்டு சிஸ்டத்துக்கு நடுவில் நான் அதையே திரும்பக் கட்டி வைத்து, அதற்கு 'குறைகள்' என்று பெயரும் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். அவன் அத்தனையும் தாண்டி ஒரு தடவை எழுந்து வந்திருக்கிறான். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். இதையெல்லாம் அன்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

பஸ் கிளம்பியது. ஏறினோம். அவன் துண்டை எடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்தில் பை இருந்தது. "உக்காரு மாப்ள" என்றான். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றேன். அவனே இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன். இரண்டு ஸ்டாப் தள்ளிக் கையில் தூக்குவாளியோடு ஒரு பெரியவர் ஏறினார். நேராக அந்த சீட்டருகே வந்து பையைக் காட்டினார்.

"இங்க ஆள் வருதா தம்பி?"

அவன் தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வரல. உக்காருங்க" என்றான்.